பந்தயத்துக்கு முந்தைய வாரம்

என் ராசா,

உன் கடிதத்தை நானும் உன் சித்தப்பாவும் சேர்ந்துதான் படித்தோம். உன் சித்தி போன பிறகு அவர் நம் வீட்டில்தான் இருக்கிறார். கண் சரியாகத் தெரிவதில்லை. நான் வாய்விட்டு வாசிக்க, அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கேட்டார். மதுரை மோட்டார் ஷெட்டை விட்டுவிட்டு நீ இலங்கைக்குப் போகிறாய், தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் உன்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார், மலையைச் சுற்றி ஏறியும் இறங்கியும் போகிற ரோட்டில் அங்கே ஒரு மோட்டார்ப் பந்தயம் நடக்கப் போகிறது, துரை ஓட்டும்போது பக்கத்து ஆசனத்தில் உட்காரப் போவது நீதான் என்றெல்லாம் படித்தபோது எனக்கும் மனம் குளிர்ந்தது. அதன் பிறகு அந்த வரி வந்தது. பந்தயத்துக்கு முன்னால் ரோட்டோரத்துக் கூலிக்காரர் லயங்களில் திரிகிற நாய்களை ஒழித்துக்கட்டும் பொறுப்பை உன்னிடம் விட்டிருக்கிறார்கள், அது சின்ன வேலைதான் என்று எழுதியிருந்தாய். சித்தப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம கைப்பழக்கம் அவனுக்கும் வந்துருச்சு பாத்தியளா மைனி. நான் சொல்லுதேன், அப்படியே எழுதுங்க. பய போற எடத்துல தடுமாறக் கூடாதுல்லா" என்று சொல்லி, விஷத்துக்கு எட்டிக்கொட்டையை எப்படிப் பக்குவப்படுத்த வேண்டும், எந்தக் கறியில் பொதிய வேண்டும் என்று ஆரம்பித்தார். நான் எழுந்து பின்பக்கம் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. அந்தப் பக்குவத்தை நான் எழுதவில்லை.

அதே கடிதத்தின் கடைசியில், உன் ஆயுசிலேயே சந்தோஷமான நாள் நம் ஊரில் மோட்டார்ப் பந்தயம் நடந்த நாள்தான் என்று எழுதியிருக்கிறாய். சித்தப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததும், ஒரு துரை வண்டியை நிறுத்தி இறங்கிவந்து தன் மோட்டார்க் கண்ணாடியைக் கழற்றி உன் கண்ணில் மாட்டியதும் உனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உனக்கு அப்போது ஆறு வயது. அந்தக் கண்ணாடி வழியாக உலகம் எப்படி மஞ்சளாகத் தெரிந்தது என்று பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாய். அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் அந்த நாளுக்கு முன்னால் ஒரு வாரம் இருந்தது. அதை நீ மறந்துவிட்டாய். நான் அன்றே உனக்கு உள்ளதை உள்ளபடி சொன்னவள்தான். கேட்டு அழுதவனும் நீதான். பிள்ளைகள் மறப்பது இயல்பு. ஊரே மறந்ததுதான் எனக்கு இன்றுவரை குமட்டுகிறது. ஆகையால் இன்னொரு தடவை சொல்கிறேன். இப்போது உனக்கு மீசை இருக்கிறது, கையில் வேலை இருக்கிறது. இனி மறந்தால் அது வேண்டுமென்றே மறந்ததாகும்.

நம் ஊர்க் கண்மாய்க்கு மேற்கே உள்ள கரட்டுக் குன்றை உனக்குத் தெரியும். மலைமேலே காப்பித் தோட்டம் வைத்திருந்த துரையும், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேரும், அந்தக் கரட்டைச் சுற்றிப் போகிற வண்டிப்பாதையில் பந்தயம் விடுவதென்று முடிவு செய்தார்கள். கண்மாய்க்கரையில் புறப்பட்டு, கரட்டின் தோளில் ஏறி, பனங்காட்டுப் பக்கம் இறங்கி, நம் தெருமுனை வழியாகத் திரும்பக் கரைக்கே வர வேண்டும். பாதையைச் சரிசெய்ய ஊர் முழுக்க மண்வெட்டியோடு போயிற்று. மூன்று மோட்டார்கள் வந்தன. அதில் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் நின்றுபோய், மாடு பூட்டி இழுத்துவந்தார்கள். நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்த்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. புது யந்திரம், புதுச் சத்தம், பிள்ளைகளுக்கு வாய் மூடவில்லை. கணக்குப் பாடத்தில் கூட மோட்டாரை வைத்துக் கேள்வி கேட்டேன்.

பழக்க ஓட்டத்தின்போதுதான் அது நடந்தது. நம் பக்கத்து நாய்கள் எப்படிப்பட்டவை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராஜபாளையத்து ராஜாக்கள் வீடுகளிலிருந்து வந்த வெள்ளை இனம், பன்றி வேட்டைக்குப் பழகினவை. ஓடுகிற எதையும் துரத்தும். ஒரு நாய் மோட்டாரைத் துரத்திக் குறுக்கே பாய்ந்ததில் வண்டி ஓடைக்குள் இறங்கிவிட்டது. ஓட்டிய காப்பித் தோட்டத்துத் துரைக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. பந்தயத்தன்று நாய்களைக் கட்டிப்போடச் சொல்லுங்கள் என்று துரை சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். இதைப் பின்னால் அவர் வாயாலேயே கேட்டேன்.

அந்தச் சொல் துரையின் பங்களாவிலிருந்து மணியக்காரர் வீட்டுக்கு வந்துசேர்வதற்குள் வளர்ந்துவிட்டது. கட்டிப்போட்டால் அறுத்துக்கொண்டு ஓடும், குரைத்தால் துரைமாருக்கு எரிச்சல் வரும், நாயே இல்லாமல் பண்ணிவிட்டால் துரை மனம் குளிரும் என்று மணியக்காரர் யோசித்தார். பங்களாவில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்த உன் சித்தப்பாதான் இடையில் போய்வந்தவர். அங்கே பெட்ரோல் வந்த தகர டின்கள் காலியாகி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தண்ணீர் எடுக்க அந்த மாதிரி டின் கிடைக்காதா என்று ஊரில் எல்லாப் பெண்களுக்கும் ஏக்கம். மண்பானை மாதிரி உடையாது, செம்புக்குடம் மாதிரி கனக்காது. ஒரு நாய்க்கு ஒரு டின் என்று உன் சித்தப்பா யோசனை சொன்னார். மணியக்காரர் சரி என்றார். தமுக்கடித்துச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம் நம் தெருவில் நான் கண்டதை எழுதக் கை கூசுகிறது. தன் வாசலில் வளர்ந்ததைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பேர்சொல்லிக் கூப்பிட்டார்கள், அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. சொந்த நாயை முடித்தவர்கள் பக்கத்து வீட்டு நாய்க்குக் கண்வைத்தார்கள். அதில் ஒரு சண்டை வந்து மணியக்காரர் தீர்த்துவைத்தார், நாய் யாருடையது என்று அல்ல, டின் யாருக்கு என்று. ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் என் காதில், "எங்களுக்கு ரெண்டு கெடச்சுருக்கு, உங்களுக்கு?" என்று கேட்டாள். நான் எழுந்து வேறு பாயில் போய் உட்கார்ந்தேன்.

நம் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் முத்து. பால்வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். அந்த இனத்தில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, முத்துவும் அப்படித்தான். நீ தவழ்ந்த நாளில் அதன் வயிற்றில் தலைவைத்துத் தூங்குவாய். மோட்டார் பின்னால் வந்து நின்றால்கூட அதற்குத் தெரியாது. எந்த வண்டியையும் அது துரத்தினதில்லை. இதை நான் உன் சித்தப்பாவிடம் முதல்நாளே சொல்லி வைத்தேன். உன் அப்பா அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ராவுத்தர் எண்ணெய்க் கடையில் வேலை பார்த்தார், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஆம்பிளை இல்லாத வீட்டில் கொழுந்தன் கை வைக்க மாட்டார் என்று நம்பினேன்.

பள்ளிக்கூடம் விட்டு உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது முத்து வாசலில் கிடந்தது. விறைத்து, முதுகு வில்லாக வளைந்து. பக்கத்தில் உன் சித்தப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து தின்று பழகின நாய், அதே கையிலிருந்து தின்றிருக்கிறது. அதுக்குத்தான் காதே கேட்காதே, அது என்ன செய்தது என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதிலிருந்து இறங்கவில்லை. "நாயின்னுதான மைனி உத்தரவு. கேக்குற நாயி, கேக்காத நாயின்னு பிரிச்சா சொன்னாவ?"

கோபமில்லை, குற்ற உணர்ச்சி இல்லை, ஒரு சின்ன சந்தேகம்கூட அந்தக் குரலில் இல்லை. வாசல் ஓரத்தில் ஒரு டின்னை வைத்து, "உங்க பங்கு" என்றார். நான் அதை எட்டி உதைத்தேன். தெருவில் உருண்டு போயிற்று. விளக்கு வைப்பதற்குள் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நீ நாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டாய். மலைக்கு ஓடிப்போய்விட்டது என்று சொல் என்று அக்கம்பக்கத்தார் சைகை காட்டினார்கள். நான் சொல்லவில்லை. "சித்தப்பா விஷம் வச்சுட்டாரு" என்றேன். நீ அவர் காலில் இரண்டு கைமுட்டியாலும் குத்தினாய். அன்று சோறு தின்னவில்லை. அதன்பின் அவர் தினமும் வந்து, மோட்டாரைக் கிட்டத்தில் காட்டுகிறேன், ஹார்ன் அடிக்கவிடுகிறேன் என்று உன்னை வசப்படுத்தினார். வாரம் முடியுமுன்னே நீ அவர் தோளில் ஏறிவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, ஐயா. ஆறு வயதுப் பிள்ளைக்கு மோட்டார் பெரிதுதான்.

ஊரில் ஒரே ஒருத்திதான் நாயைக் கொடுக்கவில்லை. ஆடு மேய்க்கிற வெங்கம்மா, தெலுங்கு பேசுகிறவள், கரட்டடியில் கிடை போட்டிருந்தாள். கிடைக்குக் காவலாக ஆணும் பெண்ணுமாக இரண்டு நாய் வைத்திருந்தாள். உன் சித்தப்பா இரண்டு ஆட்களோடு கறிப்பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார். நான் அங்கேதான் பால் வாங்க நின்றேன். வெங்கம்மா பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பிரித்தாள். மோந்து பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து உன் சித்தப்பா வாய்க்கு நேராக நீட்டினாள். "நல்ல கறிதான? நீ முதல்ல தின்னு. மிச்சத்தை அதுகளுக்குப் போடுதேன்" என்றாள். சத்தம் போடாமல், விருந்தாளியை உபசரிக்கிற மாதிரி சொன்னாள். கூட வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டார்கள். உன் சித்தப்பா அவளை ஏதோ திட்டிவிட்டுப் போனார். மறுநாள் விடியும்போது கிடை காலி. ஆட்டையும் நாயையும் ஓட்டிக்கொண்டு மலையடிவாரமாகவே பிளவக்கல் பக்கம் போய்விட்டாள்.

பந்தய நாளும் வந்தது. செத்த நாய்களையெல்லாம் கரட்டு வளைவுக்குக் கீழே ஓடையில் எறிந்திருந்தார்கள். குழி வெட்டக்கூட யாருக்கும் மனமில்லை. அன்றைக்குப் பார்த்துக் காற்று திரும்பிவிட்டது. துரைசானிமார் உட்காரப் பந்தல் போட்டிருந்த இடத்துக்கு நேராக நாற்றம். மணியக்காரர் ஓடிப்போய்ச் சட்டி சட்டியாகச் சாம்பிராணி புகைக்கச் சொன்னார். அழுகலும் சாம்பிராணியும் பெட்ரோல் புகையும் கலந்த அந்த நாற்றத்தை நீ எப்படி மறந்தாய் என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. துரைசானிமார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பாதியிலேயே எழுந்து போனார்கள்.

நீ வளைவிலே சித்தப்பா தோளில் உட்கார்ந்திருந்தாய். அவர் கையில் ஒரு சிவப்புக் கொடி. மேலிருந்து இறங்கின வண்டி வளைவில் சறுக்கிற்று. பின்சக்கரம் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு உங்கள் இருவரையும் உரசுகிற மாதிரி வந்து, ஒரு பனைமரத்தில் இடித்து நின்றது. நான் கரைமேல் நின்று பார்த்தேன். புழுதி அடங்கும்வரை என் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. அடங்கியபோது கூட்டம் கைதட்டிற்று. உன் சித்தப்பா சிரித்தார். செம்மண் அப்பின முகத்தோடு நீயும் சிரித்தாய். அப்போதுதான் அந்தத் துரை இறங்கிவந்து உன் கண்ணில் கண்ணாடியை மாட்டினார். உன்னைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்துவிட்ட மனிதன், நீ அழாமலிருக்கக் கையில் கிடைத்ததைக் கொடுத்தான். நான் ஓடிவந்து உன்னைப் பிடுங்கிக்கொண்டு பனைமரத்தடியில் வாந்தி எடுத்தேன். அதையும் பார்த்துச் சிலர் சிரித்தார்கள்.

சாயங்காலம் பரிசு கொடுக்கும்போது மணியக்காரர் துரை முன்னால் கைகட்டி, ஊரில் மருந்துக்குக்கூட ஒரு நாய் இல்லை என்று பெருமையாகச் சொன்னார். துரைக்கு ஓரளவு தமிழ் தெரியும். முதலில் விளங்காமல் கேட்டார். விளங்கினதும், "கட்டத்தானே சொன்னேன்" என்றார். மணியக்காரர் பல்லைக் காட்டினார். துரை ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். காலில் மிதித்துவிட்டதைப் பார்க்கிற பார்வை. அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. கட்டுவதற்குக் கயிறு தந்தாரா, யார் கட்டினார்கள் என்று விசாரித்தாரா? ஒன்றும் இல்லை, ஒரு சொல்லை வீசிவிட்டுப் போனவர்தான். ஆனாலும் அன்று அந்தப் பார்வை நமக்குத் தகும்.

சனிக்கிழமை உன் அப்பா வந்தார். முத்து படுக்கும் இடத்தைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். தம்பியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுசோறு போட எனக்குக் கை வரவில்லை. இந்த வீட்டு ரத்தமே இப்படித்தானா என்று வெறுத்துப் போனேன். அவர் அன்றிலிருந்து தம்பி வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது, கிறிஸ்துமஸுக்கு மேல் கிறிஸ்துமஸ் போய், வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவர் அப்படிப்பட்ட மனிதர். ஆனால் பேசாமல் இருந்து வெறுத்த வெறுப்பு யாருக்கும் உதவவில்லை. நீ அவரைப் போல் இருக்காதே. உனக்கு வாய் இருக்கிறது.

அதன் பிறகு நடந்ததையும் கேள். நாய் இல்லாத ஊர் என்று பன்றிகளுக்குத் தெரிய ஒரு மாதம் ஆகவில்லை. மலையிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கி நிலக்கடலையையும் சீனிக்கிழங்கையும் உழுதுபோட்டன. ஆட்டுக்குட்டியை நரி கொண்டுபோயிற்று. ஆண்கள் தூக்கம் கெட்டு வயலில் உட்கார்ந்து, அதே தகர டின்களைத் தட்டித் தட்டிப் பன்றி விரட்டினார்கள். பகலில் அந்த டின்னில்தான் தண்ணீர். எந்த வீட்டில் போய் உட்கார்ந்தாலும் அதிலிருந்துதான் மொண்டு கொடுப்பார்கள். வேண்டாம் என்பேன். வாத்தியாரம்மாவுக்குக் கர்வம் என்றார்கள்.

மழைக்காலம் முடிந்து வெங்கம்மா திரும்பிவந்தாள். பெண் நாய் குட்டி போட்டிருந்தது. யார் யார் சொந்த நாயைப் பேர்சொல்லிக் கூப்பிட்டுக் கொன்றார்களோ, அவர்களே வரிசையாகக் குட்டி கேட்டுப் போனார்கள். அவள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. குட்டிகள் கண் திறந்து நடந்த பிறகு கூடையில் போட்டு என்னிடம் கொண்டுவந்து வைத்தாள். "எனக்கு இவுக மூஞ்சியப் பாத்தா வயிறு பெரட்டுது, வாத்தியாரம்மா. நீங்க யாருக்குக் குடுக்கணுமோ குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு மட்டும் புரட்டாதா? இருந்தாலும் பன்றி தின்றது பிள்ளைகள் தின்ன வேண்டிய கிழங்கு. யார் வீட்டில் சின்னப் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்களோ அவர்களுக்குக் கொடுத்தேன். உன் சித்தப்பாவும் வந்து கேட்டார். இல்லை என்றேன்.

உனக்கும் தரவில்லை. கூடையைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டு அழுதாய். அம்மா ஊருக்கெல்லாம் குட்டி கொடுத்தாள், எனக்கு மட்டும் கொடுக்கவில்லை என்று பெரியவனான பிறகும் சொல்லிக் காட்டுவாய். அந்தக் குட்டிக்கும் அதே கை சோறு போட வரும், அதே வாசலில் அதுவும் கிடக்கும் என்று எனக்குப் பயம். சித்தப்பாவை வராதே என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, உன் அப்பா சொல்லவுமில்லை. அதனால் நாயை வராமல் செய்தேன். இன்றும் அவருக்கு நான்தான் சோறு போடுகிறேன். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். தின்பதைப் பார்க்க முடியாது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த லயங்களில் இருப்பவர்கள் யார் என்று யோசித்தாயா? பக்கத்துச் சுந்தரபாண்டியத்திலும் நம் ஊரிலும் மழை பொய்த்தபோது மூட்டை கட்டிக் கப்பலேறிப் போனவர்கள்தான். கொழுந்து பறித்துவிட்டு இருட்டில் வருகிறவளுக்குத் துணையாக ஒரு நாய் இருக்கும். அதன் பேர்கூட நம் ஊர்ப் பேராகத்தான் இருக்கும். நீ போய் நம் பேச்சில் அன்பாகக் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அதனால்தான் அந்த வேலையை உன்னிடம் விட்டிருக்கிறார்கள். துரை கூப்பிட்டால் அது வராது.

மோட்டார் ஓட்டு. மலையில் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போ. நான் நடுங்குவேன், ஆனால் தடுக்கமாட்டேன். பந்தயத்தில் எனக்குப் பகையில்லை. அந்த ஒரு வேலையை மட்டும் உன் கையால் செய்யாதே, இன்னொருவன் கையாலும் செய்விக்காதே. லயம் லயமாகப் போய் அவரவரிடம் கேட்டுக் கட்டச் சொல், கயிறு வாங்கிக் கொடு, அன்று முழுக்கக் காவலுக்கு ஆள் வை. துரை கேட்டால், கட்டினால் போதும் என்று சொல். வேலை போனால் போகட்டும். திரும்பி வா, கஞ்சி இருக்கிறது.

கப்பலேறுகிற அன்று சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வரச்சொல்லி எழுதியிருக்கிறாய். அவர் வரமாட்டார், நான் கூட்டிவரமாட்டேன். நான் மட்டும் வருவேன். கடற்கரையில் கூட்டத்தில் என்னைத் தேட வேண்டாம், படகுத்துறை வாசலிலேயே நிற்பேன். பலகாரம் கொண்டுவருவேன். ஏறுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்து, செய்யமாட்டேன் அம்மா என்று ஒரு வார்த்தை சொல். சொல்லாமல் ஏறினாலும் உன் கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை நான் அங்கேயே நிற்பேன், பெற்றவள் வேறு எங்கே போவாள். ஆனால் கையசைக்கமாட்டேன்.

உன் அம்மா